ஃபோல்டருக்குள் ஃபோல்டராக எட்டு மாத மழை

பிள்ளைகளா, பெரியவளின் மழைப் படங்கள் எப்படிப் போயின என்று யாராவது கேட்டால், கம்ப்யூட்டர் பழசு, அதான் போயிட்டு என்று உங்கள் அம்மா சொல்கிறாள். என் மானத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொல்கிறாள். கம்ப்யூட்டர் பழசுதான். ஆனால் அது அன்றைக்கு நான் சொன்னதைத் தவிர வேறு எதையும் செய்யவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். நான் பத்தாவது வரைதான் படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் பெரியவளே திருத்திக்கொள்ளட்டும்.

போன வருஷம் ஜூன் ஒன்றாம் தேதி பெரியவள் மொட்டைமாடியில் ஒரு பாட்டிலை வைத்தாள். இரண்டு லிட்டர் கலர் சோடா பாட்டிலின் கழுத்தை வெட்டி, வெட்டிய துண்டைத் தலைகீழாகப் புனல் மாதிரி அதன் வாயிலேயே செருகி, பக்கத்தில் மில்லிமீட்டர் கோடு போட்ட தாளை ஒட்டி, அதன் மேல் டேப் சுற்றினாள். தினமும் காலை எட்டு மணிக்கு அம்மாவின் போனில் ஒரு படம். பிறகு நோட்டில் அளவு எழுதுவாள், தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பாட்டிலைத் திரும்ப வைப்பாள், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவாள். ஞாயிற்றுக்கிழமையும் தீபாவளியும் அவளுக்கு ஒன்றுதான். காய்ச்சல் வந்த அன்றைக்குக்கூடப் போர்வையைப் போர்த்திக்கொண்டு மாடிக்குப் போனாள்.

எதற்கு இது என்று நான் கேட்டபோது அவள் சொன்ன கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. குற்றாலத்தில் சீசன் என்றால் ஜூனும் ஜூலையும்தான். நாள் பூராவும் சாரல் விழும், துணி காயாது, ஊரே நனைந்து கிடக்கும். அதனால் எல்லாரும் அதைத்தான் பெரிய மழை என்று நினைக்கிறார்கள். ஆனால் தென்காசியில் நம் வீட்டு மாடியில் சாரல் ஒரு மாதம் முழுக்க விழுந்தாலும் பாட்டிலில் சேருவது கொஞ்சம்தான். கார்த்திகையில் நாலு நாள் அடிக்கிற மழை அதைத் தாண்டிவிடும். இதை அவள் படத்தோடு காட்ட வேண்டும். பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சியில் வைத்து, அங்கே எடுபட்டால் மாவட்டத்துக்கு அனுப்புவார்கள். நோட்டில் எண்ணை யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், படம் இருந்தால்தான் நம்புவார்கள் என்று அவளுடைய அறிவியல் டீச்சர் முதலிலேயே சொல்லியிருந்தார்.

ஆக, எல்லாமே அந்தப் படங்களில் இருந்தது. அவற்றைப் பத்திரமாக வைக்கிற வேலையை நான்தான் ஏற்றுக்கொண்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

என் கடை எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். குற்றாலத்தில் பேரருவிக்குப் போகிற வழியில் துண்டு, டிராயர், எண்ணெய், சோப்பு விற்கிற கடை. குளிக்கப் போகிறவர்களின் பைகளையும் வாங்கி வைப்போம். அங்கே காற்றிலேயே ஈரம். போனை ஒரு கவரில் போட்டு முடிச்சுப் போட வேண்டும், அதை இன்னொரு கவரில் போட வேண்டும், அந்தக் கவரைத் துணிக்குள் சுற்றிப் பைக்குள் வைக்க வேண்டும். ஒரே கவரில் வைத்தவனின் போன் நனைந்ததைப் பார்த்திருக்கிறேன். மூன்று கவருக்குள் வைத்தவனின் போன் நனைந்து நான் பார்த்ததில்லை. இருபது வருஷமாக இதையே பார்த்த ஆளுக்குக் கம்ப்யூட்டரிலும் அதே புத்திதான் வரும்.

ஜூன் முடிந்ததும் ஒரு ஃபோல்டர் போட்டு முப்பது படங்களையும் அதில் வைத்தேன். பைகளில் சீட்டு எழுதிக் கட்டிப் பழகிய கை அல்லவா, அதற்கு நான் வைத்த பெயர்: ‘ஜூன் மழை பெரியவள் பள்ளிக்கூடப் படங்கள் யாரும் தொட வேண்டாம்’. ஜூலை முடிந்ததும் அதே மாதிரி ஜூலைக்கு ஒன்று. ஜூன் ஃபோல்டரை இழுத்து அந்த ஜூலைக்குள் போட்டேன். ஆகஸ்டுக்குள் ஜூலை. செப்டம்பருக்குள் ஆகஸ்டு. இப்படியே ஜனவரி வரைக்கும் போனது. வெளியிலிருந்து பார்த்தால் ஜனவரி ஒன்றுதான் தெரியும். உள்ளே போனால் ஜனவரிப் படங்கள் முப்பத்தொன்றும், அவற்றோடு டிசம்பர் ஃபோல்டரும் இருக்கும். அதற்குள் டிசம்பர் படங்களும் நவம்பர் ஃபோல்டரும். ஜூன் எட்டாவது உறைக்குள், ஒரு பொட்டு ஈரம் படாத இடத்தில் இருப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். போனில் இடம் இல்லை என்று அம்மா சத்தம் போட்டதால், கம்ப்யூட்டரில் ஏற்றியதும் போனில் இருந்த படங்களை மாதாமாதம் அழித்துவிடுவோம்.

பெரியவள் தன் பங்குக்கு ஒவ்வொரு படத்துக்கும் தேதியைப் பெயராக வைத்திருந்தாள். முதல் தேதிப் படம் ‘1’, இரண்டாம் தேதி ‘2’. மாதத்தின் பெயர் ஃபோல்டரில் இருக்கும்போது படத்துக்கு அது எதற்கு? அவள் செய்ததில் தப்பு ஒன்றும் இல்லை. இதை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

பிப்ரவரி முதல் வாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. படங்களைப் பென் டிரைவில் போட்டுத் திங்கட்கிழமை கொண்டுவரச் சொல்லியிருந்தார் டீச்சர். திறந்த உடனே எட்டு மாதமும் வரிசையாகத் தெரிய வேண்டும், பார்க்க வருகிறவர்கள் தோண்டிக்கொண்டு இருக்க மாட்டார்கள் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார். அருவியில் நூல் மாதிரித்தான் தண்ணீர், கடையில் ஈ ஓட்டுகிற காலம். நான் செய்து வைக்கிறேன், நீ பள்ளிக்கூடம் போ என்று பெரியவளிடம் சொன்னேன். சாயங்காலம் வந்து அவளே செய்துகொள்வதாக அவள் இரண்டு தடவை சொன்னாள். நான் கேட்கவில்லை.

காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தேன். முதலில் ஜனவரியை அப்படியே பென் டிரைவில் போட்டுப் பார்ப்போம் என்று போட்டேன். பாதி ஓடிவிட்டு நின்றது. இங்கிலீஷில் ஒரு பெட்டி வந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தேன்: பெயர் ரொம்ப நீளமாக இருக்கிறதாம், சுருக்க வேண்டுமாம். எந்தப் பெயர் என்று பார்த்தால் ஒரு படத்தைக் காட்டுகிறது. அதன் பெயர் ‘1’. எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒன்றை விடச் சின்னதாக நான் என்ன பெயர் வைக்க? மறுபடி முயற்சி செய் என்கிற பட்டனை அமுக்கினேன். அதே பெட்டி. பத்துத் தடவையாவது அமுக்கியிருப்பேன். பென் டிரைவைப் பிடுங்கி, சட்டையில் துடைத்து, மறுபடி செருகினேன். அதே பெட்டி, அதே ‘1’.

சரி, ஜூன் படங்களையாவது கண்ணால் பார்ப்போம் என்று உள்ளே போனேன். ஜனவரி, டிசம்பர், நவம்பர், அக்டோபர், அதற்குள் செப்டம்பர் வரைக்கும்கூடப் போக முடிந்தது. அதற்குக் கீழே படங்கள் திறக்க மாட்டேன் என்றன. கண் முன்னால் இருக்கிறது, இரண்டு தடவை தட்டினால் இல்லை என்கிறது. என் வீட்டில் நான் வைத்த பொருளை என்னாலேயே எடுக்க முடியவில்லை.

அம்மா இட்லிக்கு மாவு ஆட்டிக்கொண்டு இருந்தாள். கிரைண்டர் சத்தத்துக்கு மேலே அவள் குரல் கேட்டது. “இப்ப எதுக்கு அந்த மவுச அந்தப் போடு போடுதிய? அவ வந்து பாப்பால்லா?”

தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிற இலத்தூர்க்காரரிடம்தான் இதை வாங்கினோம். அவருக்குப் போன் போட்டேன். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு இரண்டு தடவை இருமினார். சிரிப்பை அடக்கினார் என்று நினைக்கிறேன். படத்தின் பெயரை மட்டும் அது எண்ணாது, அது எந்தெந்த ஃபோல்டருக்குள் இருக்கிறதோ அந்தப் பெயர்கள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எண்ணும் என்றார். எட்டு ‘யாரும் தொட வேண்டாம்’ சேர்ந்தால் கம்ப்யூட்டரே தொட முடியாது என்றும் ஒரு கேலி. “உள்ள கிடக்கதை ஒவ்வொரு படியா மேல எடுத்துப் போடுங்க அண்ணாச்சி. கட் பண்ணி, ஒரு படி மேல வந்து பேஸ்ட். அவ்வளவுதான்” என்றார். கடையில் ஆள் வந்துவிட்டது, வைத்துவிட்டார்.

அவ்வளவுதான் என்று அவர் சொன்னது எனக்கு அவ்வளவாக இல்லை. டிசம்பருக்குள் இருக்கிறதைக் கட் பண்ணுவேன், மேலே வர மறந்து அதே இடத்தில் பேஸ்ட் கொடுப்பேன், போகிற இடமும் இருக்கிற இடமும் ஒன்று என்று அது சொல்லும். இரண்டு படி மேலே வந்துவிடுவேன், எங்கே நிற்கிறேன் என்று தெரியாது, ஏனென்றால் பெயர்கள் எல்லாம் ஒரே மாதிரி. முதல் வார்த்தைதான் மாறும். மவுசால் இழுத்துப் பார்த்தேன், வழியில் விரல் நழுவி, நவம்பர் ஃபோல்டரைக் காணவில்லை. வேர்த்துவிட்டது. கடைசியில் பார்த்தால் அது பெரியவளின் கோலப் படங்கள் இருக்கிற ஃபோல்டருக்குள் போய் விழுந்திருந்தது. அதைத் திரும்ப எடுத்து டிசம்பருக்குள் வைக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் நான் இருந்த இருப்பில் யார் என்ன கேட்டாலும் சரி என்று சொல்லியிருப்பேன்.

அப்போதுதான் அது கேட்டது.

டிசம்பருக்குள் போய், படங்கள், நவம்பர் ஃபோல்டர் எல்லாவற்றையும் மொத்தமாகக் கட் பண்ணி, ஒரே ஒரு படி மேலே வந்து, பேஸ்ட் கொடுத்தேன். போகிற இடத்தில் இதே பெயரில் முப்பத்தொரு படங்கள் இருக்கின்றன, என்ன செய்ய என்று பெட்டி வந்தது. இருக்கிறதை எடுத்துவிட்டு இதை வைக்கவா, அல்லது இதை விட்டுவிடவா, அல்லது நீயே ஒவ்வொன்றாகப் பார்க்கிறாயா? மூன்றையும் நான் வாசித்தேன், பிள்ளைகளா. வாசிக்காமல் அமுக்கினேன் என்று சொல்ல மாட்டேன். வாசித்து, யோசித்துத்தான் அமுக்கினேன். என் யோசனை இது: நாம்தான் பத்திரத்துக்காக ஒன்றை இரண்டாகப் போட்டு வைக்கிற ஆள்; எப்போதோ ஒரே படத்தை இரண்டு இடத்தில் வைத்திருப்போம்; ஒரே பெயரில் இரண்டு இருந்தால் ஒன்று போதும். பழையதை எடுத்துவிட்டு இதை வை என்று அமுக்கினேன்.

ஒரு நொடியில் முடிந்தது. தடை இல்லை, பெட்டி இல்லை. காலையிலிருந்து முதல் தடவையாக அது நான் சொன்னதைக் கேட்டதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. நவம்பருக்குள் போனேன், எல்லாம் கட், ஒரு படி மேலே, பேஸ்ட். அதே கேள்வி. அதே பதில். அக்டோபர். செப்டம்பர். ஏழு தடவை அமுக்கினேன். நடுவில் ஒரு தடவை, சின்னச் சின்னதாகத் தெரிகிற படங்களில் பாட்டில் தண்ணீர் குறைந்த மாதிரி இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன். கடைசியாக ஜூன் மேலே வந்ததும், காலியாகக் கிடந்த ஃபோல்டர்களை எல்லாம் அழித்தேன். பென் டிரைவில் போட்டேன், ஒரே ஓட்டமாக ஏறியது. மத்தியானம் ஒன்றரை மணி. வேலை முடிந்துவிட்டது என்று அம்மாவிடம் பெருமையாகச் சொல்லிவிட்டுச் சாப்பிட்டேன்.

நாலரைக்குப் பெரியவள் வந்தாள். பையைக் கூடக் கழற்றவில்லை, நேராகக் கம்ப்யூட்டருக்குப் போனாள். நான் பக்கத்தில் போய் நின்றேன், அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று கேட்க.

“அப்பா, இதுல முப்பத்தொண்ணுதான் இருக்கு.”

எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறது, தோண்ட வேண்டாம் என்றேன்.

“இல்லப்பா. மத்ததெல்லாம் எங்க வச்சிருக்கிய?”

ஒவ்வொரு படமாகத் திறந்தாள். பாட்டிலின் அடியில் ஈரம். அடுத்தது, அடியில் ஒரு விரல் தண்ணீர். அடுத்தது, ஈரம். எல்லாம் ஜூன் சாரல். ‘31’ என்கிற படம் மட்டும் ஜூலை, ஜூனில் முப்பத்தொன்று கிடையாது என்பதால் அதை யாரும் தள்ளவில்லை. நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு சரிபார்த்தாள். சரிபார்த்து முடிக்கிற வரைக்கும் அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. முடித்த பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள், “என்னப்பா செஞ்சிய?”

நான் செய்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்லத்தான் எனக்கே புரிந்தது. டிசம்பர் வந்து ஜனவரியைத் தின்றது, நவம்பர் வந்து டிசம்பரைத் தின்றது. அவள் எதைக் காட்ட எட்டு மாதம் மாடிக்கு ஏறினாளோ அந்தக் கார்த்திகை மழை முழுவதும் போய்விட்டது. நவம்பரில் ஒரு நாள் பாட்டில் நிரம்பி வழிந்தது, அருவிக்குப் போகிற ரோட்டை அடைத்துவிட்டதால் நானும் வீட்டில் இருந்தேன். அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு மாடியில் நின்றவன் நான்தான். அந்தப் படமும் இல்லை. மிஞ்சியது, மழை என்று எல்லாரும் நினைக்கிற அந்தச் சாரல் மட்டும்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். சின்னவள்தான் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்து, அக்கா ஏன் இன்னும் பையக் கழத்தல என்று கேட்டு, அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் இலத்தூர்க்காரர் கடைக்குப் போனோம், நானும் பெரியவளும். அவர் ஏதோ ஒன்றை ஓட்டித் தேடினார். இரண்டு மணி நேரம் நாங்கள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தோம். நாற்பது சொச்சம் படங்கள் வந்தன. பெயர் கிடையாது, வரிசை கிடையாது. பாதிக்கு மேல் சாம்பல் நிறமாக இருந்தன. நிரம்பி வழிந்த நாளின் படமும் அதில் இருந்தது. மேல் பாதி நன்றாகத் தெரிந்தது, என் குடையின் கம்பி கூடத் தெரிந்தது. தண்ணீர் அளவு இருக்க வேண்டிய கீழ்ப் பாதி வெறும் சாம்பல். அவர் அதைப் பெரிதாக்கினார், சின்னதாக்கினார், பிறகு மூடிவிட்டார். “ஒரு வார்த்த போன்ல கேட்டிருக்கலாம்லா அண்ணாச்சி” என்றார். போன் போட்டுத்தானே ஆரம்பித்தேன் என்று வாய் வரைக்கும் வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

சனியும் ஞாயிறும் வீட்டில் இதே பேச்சு. வைரஸ் வந்து அழித்துவிட்டது என்று டீச்சரிடம் சொல்லிவிடலாம் என்றாள் அம்மா. எனக்கும் அது நல்லதாகத்தான் பட்டது, ஒளிக்காமல் எழுதுகிறேன். பெரியவள் ஒத்துக்கொள்ளவில்லை. “என்ன வைரஸ்னு டீச்சர் கேப்பாங்க. நான் என்ன சொல்ல? அப்பாவே வந்து சொல்லட்டும்.”

திங்கட்கிழமை கடையைப் பூட்டிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். டீச்சர் ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டு இருந்தார். நான் பாதி சொல்லும்போதே பெரியவள் பக்கம் திரும்பிவிட்டார். படத்துக்கு வெறும் எண்ணை ஏன் பெயராக வைத்தாய், மாதத்தையும் சேர்த்து வைத்திருந்தால் இது நடக்குமா, இதைக்கூட யோசிக்கவில்லையா என்று அவளிடம் கேட்டார். அவர் கேட்டது நியாயம் மாதிரித்தான் இருந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எட்டு மாதமும் ஒரு நாள் விடாமல் செய்தவள், செய்யாத தப்புக்குத் தலை குனிந்து நிற்கிறாள், அதுவும் என் முன்னால்.

“டீச்சர், அவ வச்சது சரிதான்” என்றேன். “நான் உள்ளுக்குள்ள உள்ளுக்குள்ள போட்டுக் குழப்புனேன். அழிச்சதும் நான். அவ ரெண்டு தடவ வேண்டாம்னு சொன்னா. அவள ஒண்ணும் சொல்லாதீங்க.”

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேஜை டீச்சர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அறிவியல் டீச்சர் பேனாவை மூடி வைத்தார். நோட்டைப் புரட்டிப் பார்த்து, உழைப்பு தெரிகிறது என்றார். பள்ளிக்கூடக் கண்காட்சியில் வைக்கலாம், ஆனால் படம் இல்லாமல் மாவட்டத்துக்கு அனுப்ப முடியாது, அனுப்பினால் முதல் கேள்வியிலேயே நிற்க வேண்டியிருக்கும் என்றார். கெஞ்சிப் பார்த்தேன். அவர் அசையவில்லை, அவர் அசைவதற்கு என் கையில் ஒன்றும் இல்லை.

கண்காட்சி அன்றைக்கு நாம் எல்லாரும் போனோம். ஒரு பெரிய அட்டையில் எட்டுக் கட்டம் போட்டிருந்தாள் பெரியவள். ஜூனில் முப்பது படங்கள். ஜூலையில் ஒரே ஒரு படம். இலத்தூர்க்காரர் மீட்டதில் தேதி தெரிந்தவை ஆறோ ஏழோ ஜனவரிக் கட்டத்தில். நவம்பர் கட்டத்தில் எண்கள் மட்டும், சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால். வருகிறவர்கள் நேராக ஜூனைப் பார்த்தார்கள், அப்புறம் காலியாகக் கிடக்கிற கட்டங்களைப் பார்த்தார்கள். கீழப்பாவூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு தகப்பனார், “அப்ப மத்த மாசம் மழையே இல்லையாம்மா?” என்று கேட்டார். அவள் சொல்ல வந்ததற்கு நேர் எதிர். அவள் நோட்டை விரித்து, விரலால் தொட்டு, நவம்பர் எண்களை அவருக்கு வாசித்துக் காட்டினாள். அடுத்து வந்தவரும் அதையே கேட்டார். அவருக்கும் வாசித்தாள். மூன்றாவது ஆளும் கேட்டபோது என்னால் அங்கே நிற்க முடியவில்லை, தண்ணீர் குடிக்கிற மாதிரி வெளியே வந்துவிட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அவள் தொண்டை கட்டியிருந்தது.

இந்த ஜூன் ஒன்றாம் தேதி அவள் மறுபடியும் மாடியில் பாட்டிலை வைத்திருக்கிறாள். யாரும் வைக்கச் சொல்லவில்லை. படத்தை அவளே ஏற்றுகிறாள், அவளே பெயர் வைக்கிறாள், ஒரு பிரதியை இலத்தூர்க்காரர் கொடுத்த பென் டிரைவில் போட்டுத் தன் பையில் வைத்துக்கொள்கிறாள். கம்ப்யூட்டருக்கு ரகசிய எண்ணும் போட்டாகிவிட்டது. சின்னவளுக்கு அது தெரியும், அம்மாவுக்கும் தெரியும். என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. காலை எட்டு மணிக்குச் சாரல் பலமாக இருந்தால், கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் குடையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போகிறேன். அவள் படம் எடுத்து முடிக்கிற வரைக்கும் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். போனைத் தொடுவதில்லை.